சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்

"பொழுது விடிஞ்சா ரீல்ஸ், பொழுது போனா ரீல்ஸ். உன் வீட்டுக்காரு ஒண்ணும் கேக்கமாட்டாரா தேவிகா?"

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து பங்கஜம் கேட்டாள். தேவிகா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாதனூர் தாண்டுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஆம்பூரில் கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"ரீல்ஸ் இல்லக்கா, இங்கிலீஷ்."

"ஆமா, நீ தைக்கற ஷூ உன்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசப்போவுது!"

பஸ்ஸே சிரித்தது.

இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் தினமும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வார்த்தையை வைத்து, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் கமென்ட்டில் எழுத வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம். ஏழு மாதமாக தேவிகா ஒரு நாளும் விட்டதில்லை.

திங்கட்கிழமை செக்கர் வேலைக்கு டெஸ்ட். ஷூவில் என்ன குறை என்று இங்கிலீஷில் சீட்டு எழுதத் தெரிந்தால் போதும். பதினோரு வருஷமாக மிஷினில் குனிந்த முதுகு நிமிரும்.

அவளைப் போலவே தினமும் எழுதும் இன்னொரு ஆள் உண்டு. பெயர் கிடையாது, மஞ்சள் ரோஜா படம் மட்டும். 'என் இங்கிலீஷைக் கேட்டு என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்', 'நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது' என்று தப்பும் தவறுமாக எழுதும். பாவமாக இருக்கும். தேவிகா ஒரு ஹார்ட் போட்டு, "டோன்ட் ஃபியர் சிஸ்டர்" என்று பதில் எழுதுவாள். இன்றும் எழுதினாள்.

பதினோரு மணிக்கு பர்சனல் மேனேஜர் சாமிநாதன் கூப்பிட்டார். தொழிலாளியிடம் பாதி இங்கிலீஷில்தான் பேசுவார். அந்த ரூமுக்குள் போகவே எல்லோருக்கும் கால் கூசும்.

"வாட் இஸ் திஸ்?"

மேஜையில் ஒரு பேப்பரைப் போட்டார். போன் திரையைப் படமெடுத்து அச்சடித்திருந்தது. அவளுடைய கமென்ட்டைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம். 'மறை' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைக்கு அவள் எழுதியது: ஷூ வாங்கும் பையர் வரும் நாளில் கெட்டுப்போன ஷூக்களை நாங்கள் மாடியில் மறைக்கிறோம்.

தேவிகா குனிந்து படித்தாள்.

"பேரு பள்ளிகொண்டா தேவிகான்னு போட்டிருக்கு. நம்ம கம்பெனில அது நீ ஒருத்திதான். போன மாசம் பாத்ரூமுக்கு ரெண்டு தடவைதான் விடறாங்கன்னு எழுதின. இப்ப இது!"

"சொந்த வாழ்க்கைலருந்து எழுதச் சொன்னாங்க சார்..."

"அதுக்கு? கம்பெனி விஷயத்தை எழுதுவியா?"

"எனக்கு வேற வாழ்க்கை எங்க சார் இருக்குது?"

 சாமிநாதன் டெஸ்ட் எழுதுபவர்கள் லிஸ்ட்டை இழுத்து, அவள் பெயரைப் பேனாவால் அடித்தார்.

"பையர் கண்ணுல பட்டா நானூறு பேர் வேலை போயிடும். டெஸ்ட் உனக்குக் கிடையாது. இன்னிக்கே டெலிட் பண்ணு."

ஏழு மாதம். ஒரு கோடு.

"இதை யாரு சார் அனுப்பிச்சாங்க?"

"சென்னை ஆபீஸ்லருந்து வந்தது. இந்த மாதிரி பேஜெல்லாம் பாக்க எனக்கேது நேரம்? ஐ ஆம் பிஸி."

தேவிகா பேப்பரை மறுபடி பார்த்தாள். கீழே வரைக்கும் பார்த்தாள். அடி ஓரத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

கதவு திறந்தே இருந்தது. வெளியே நாலு கிளார்க்குகள். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"டெலிட் பண்ணிட்றேன் சார்."

அவள் திரும்பி நடந்ததும், விரல் நின்ற இடத்தை சாமிநாதன் குனிந்து பார்த்தார். பேப்பரை அவசரமாக நாலாக மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் கிளம்பியதும் பங்கஜம் குரலைத் தாழ்த்தினாள். "டெஸ்ட்டு போச்சாமே! எவன் போட்டுக் குடுத்தானாம்? தெரிஞ்சுதா?"

"தெரிலக்கா."

"தெரிஞ்சிருந்தா சும்மாவா விடுவ? சந்தி சிரிக்க வெச்சிருக்க மாட்ட?"

தேவிகா போனைத் திறந்து, அந்தக் கமென்ட்டை அழித்தாள். இன்றைய வார்த்தை, 'திருத்து'. அதற்குக் கீழே வாக்கியங்கள். பத்து நிமிஷம் முன்னால் மஞ்சள் ரோஜாவும் ஒன்று எழுதியிருந்தது.

'இன்று ஆபீசில் ஒரு லிஸ்ட்டை நான் திருத்தினேன். அடித்த பெயரை மறுபடி எழுதினேன்.'

தேவிகா அதையே இரண்டு தரம் படித்தாள். கமென்ட் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், போன் யாருடையதோ அவர் படம் சின்னதாக வரும். அவள் போனில் அவள் படம் இருந்தது. காலையில் அந்தப் பேப்பரின் அடி ஓரத்தில் இருந்தது மஞ்சள் ரோஜா.

வழக்கம்போல ஒரு ஹார்ட் போட்டுவிட்டு எழுதினாள்:

"வெரி குட். டோன்ட் ஃபியர் சிஸ்டர்."