இரண்டு ஆட்டம் போதாது

இரண்டாவது ஆட்டத்திலும் புது வெர்ஷன் தோற்றது.

ஹரிஷ் பதறவில்லை. அவனும் ஆபீஸ் நண்பன் ராஜேஷ்குமாரும் ஒரு வருஷமாக எழுதிவரும் செஸ் புரோகிராம் அது. கம்ப்யூட்டரில் பழைய வெர்ஷனும் புதியதும் தாங்களாகவே மோதிக்கொண்டிருந்தன.

புதியதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ராஜேஷ் போனில் சொல்லியிருக்க வேண்டும். ஹரிஷ் மறுத்தான்.

"ரெண்டு கேம்ல என்ன குரு தெரியும்? காசைச் சுண்டினாக்கூட ரெண்டு தடவை சேர்ந்தாப்ல பூ விழும். ஐநூறு கேம் ஓடட்டும். அதுவரைக்கும் அது மேல கை வெக்காதே."

சமையலறையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தீபிகாவுக்கு அது கேட்டது. கடுகு கருகியது.

அவளுக்கும் இரண்டுதான். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. இந்தப் பொங்கலுக்கு முன்னால் இன்னொன்று. நிறையப் பேருக்கு நடப்பதுதான், தைரியமாக இருங்கள் என்று சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பினார்.

காலை ரயிலில் குடியாத்தத்திலிருந்து வந்திறங்கிய மாமியார் வனஜா, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல போய் இரும்மா."

எத்தனை நாள் என்று தீபிகா கேட்டாள். வனஜா மீதிக் காபியைக் குடித்து முடித்தார்.

அவள் பெரியப்பா மகளையும் இப்படித்தான் கொஞ்ச நாள் என்று அனுப்பினார்கள். பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் வந்தது.

ஒக்கலிபுரத்து வாடகை வீடு சின்னது. சமையலறையில் பேசினால் கூடத்தில் ஒரு சொல் தப்பாது. ஹரிஷ் மவுஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவம், அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். இன்றைக்காவது பேசுவார். ஒரு வார்த்தை போதும்.

பேசவில்லை.

அவளே பேசினாள்.

"ரெண்டு தடவை தோத்த புரோகிராமையே விடமாட்டேங்கிற மனுஷன் அத்தை அவர். என்னை விட்டுடுவாரா? நீங்க மெனக்கெட்டு ரயிலேறி வந்ததுதான் மிச்சம்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

வனஜா அடுப்பை அணைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"நானா வருவேனாடி? அவன்தான் போன் பண்ணி அழுதான். நீயே வந்து சொல்லிடும்மா, அவ முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியாதுன்னு."

தீபிகா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கூடத்துக்குப் போய், திரைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.