மைனஸ் இரண்டு

ஓசூர் சர்ச்சில் ஆராதனை தொடங்கப் போகிறது. ஆறு மாதம் ஜெர்மனி, ஆறு மாதம் ஓசூர் என்று கீபோர்டு வாசித்துப் பிழைக்கும் எபினேசர் நேற்றுத்தான் வந்திருக்கிறான். "எஸ்லினக்கா, எந்திரிங்க. அண்ணன் உக்காரட்டும்," என்கிறான் கம்பெனிச் சீருடையோடு பாட வந்த ஒருவன். எபினேசர் இல்லாத ஞாயிறெல்லாம் வாசித்த எஸ்லின் எழுந்து இடம் விடுகிறாள். "உங்களுக்கென்னண்ணா, ரெண்டு ஊரும் தாங்குது!" "எங்க தாங்குது? அங்க இந்தியாக்காரன், இங்க ஜெர்மன்காரன்!" அதற்கும் கூட்டம் சிரிக்கிறது, அவளுக்கு வயிறு எரிகிறது. ஜன்னல் வெயிலில் கீபோர்டின் சின்னத் திரை 'மைனஸ் இரண்டு' என்று காட்டுகிறது. ஒரே கட்டையில் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அவள், பாடுகிறவர்களுக்காகச் சுருதியைப் பட்டனில் இறக்கி வைத்திருக்கிறாள். அவன் அதைக் கவனிக்காமல், பாடுகிறவர்களின் சுருதிக்கு நேரான கட்டைகளிலேயே விரல் வைக்கிறான்; அது இன்னும் இரண்டு படி இறங்கித்தான் ஒலிக்கும். சொல்ல வாயெடுத்தவள் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள். அவன் கவிழட்டும். முதல் அடி பாதாளத்தில் முனகுகிறது. அவன் புருவம் ஏறுகிறது. நிறுத்தாமலே விரல்கள் இரண்டு கட்டை தள்ளிப்போய்ச் சரியான சுருதியைப் பிடித்துக்கொள்கின்றன. பாடுகிறவர்கள் யாரும் அறியவில்லை. வாசித்தபடியே அவளுக்கு மட்டும் கேட்கச் சொல்கிறான்: "பட்டனத் தொடல எஸ்லினு, நீ வாசிக்கிறப்ப உனக்கு வேணுமில்ல." அவன் திட்டியிருந்தாலாவது அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.