அம்பர் சோதனை

அந்தச் சின்ன டேனிஷ் தீவில் பார்ப்பதற்கு ஒரு வெளிச்சவீடும், மணலில் வெயில் காயும் கடல்நாய்களும் உண்டு. செய்வதற்கு என்று இருப்பது அம்பர் பொறுக்குவதுதான். பழங்காலத்து மரப்பிசின் இறுகி அம்பராகிறது. கரை ஒதுங்கும்போது மஞ்சள் கூழாங்கல் போலவே இருக்கும். ஆனால் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரு குவளைத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். இனிக் கரையாமல் உப்பு அடியில் தங்கும்போது, அந்தத் தண்ணீர் அம்பரைவிடக் கனமாகிவிடும். கல் தாழும், அம்பர் மிதக்கும்.

வாடகை வீட்டு மேசையில் குகநேசன் இதை மனைவி வசந்தமலருக்குச் செய்து காட்டினார். அவள் காலையில் பொறுக்கிய துண்டு பாதி ஆழம் போய், மெல்ல மேலே வந்தது.

"பாத்தியே, மிதக்குது! ராசியான கையப்பா உனக்கு."

"கைக்கு மட்டும் ராசி இருந்து என்ன?" என்று சிரித்தவள், தன் கைபேசியை அவர் பக்கம் தள்ளினாள். அவளுடைய மார்புக்கட்டியின் பரிசோதனை முடிவு அதில் வந்து மூன்று நாள். திறக்காமலே தீவுக்கு வந்திருந்தார்கள். "இதையும் நீங்களே பாருங்கோ. மிதந்தா மட்டும் சொல்லுங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் பிசின் இருக்கெல்லே," என்றார், குவளையைப் பார்த்தபடி. "நாலு கோடி வருசத்துக்கு முந்தி இஞ்சை எல்லாம் பெரிய காடு. மரத்திலை காயம் பட்டா, அதை மூடத்தான் பிசின் வடியும்..."

"ம்... பிறகு?" என்றாள் அவள், நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டபடி.