வெளியே வைத்த தையல்

பிரியங்காவின் பச்சைக்குழந்தை காலையிலிருந்து அழுகையை நிறுத்தவே இல்லை. தன் பிரசவத்துக்காகத் தாய்வீடு இருக்கும் நாசரேத்துக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு எஸ்தர், திருப்பூர் திரும்பிய கையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“பாலும் குடிக்க மாட்டேங்குதுங்க அக்கா. என்னன்னே தெரியலீங்க.”

எஸ்தர் குழந்தையின் பனியனைக் கழற்றினாள். அக்குளில் தையல் உரசிச் சிவந்திருந்தது.

“இதான் விஷயம். நாம போடுற துணியில தையல் உள்பக்கம் இருக்கும். பச்சப்பிள்ளை தோலு அதைத் தாங்காது. அதனால வெளிப்பக்கமா வச்சுத் தைக்கணும். பனியன் கம்பெனியில மிஷின் ஓட்டுற நீயே இதை மறந்தா எப்படி பிள்ள?”

தன் பையிலிருந்து, தையல் வெளியே தெரியும் வெள்ளைப் பனியன் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள். சற்று நேரத்தில் குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கிப்போனது.

“உங்க பாப்பாவுக்குத் தெச்சதுங்களா? அதுக்கு வேணுமில்லீங்க? அம்மாகிட்ட விட்டுட்டு வந்துட்டீங்களா?”

எஸ்தர் பனியனின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“ரெண்டு தச்சேன். அவளுக்கு ஒண்ணைப் போட்டுக் கல்லறைத் தோட்டத்துல வச்சிட்டு வந்துட்டோம். ரெண்டு சட்டை இருந்தா, ஒண்ணை இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு வேதத்துல சொல்லியிருக்குல்லா.”