மூணு விரல் தள்ளி

அட, உக்காருங்கப்பா! பின்னாடி யாரு, போனை உள்ள வை. பேச்சை நிறுத்து. ரங்கநாதன் தெரு புடவைக்கடை சூப்பர்வைசர் நல்லசிவம் கதை இது.

அவர் கடையில கவுன்ட்டர்ல நிக்கிற கீர்த்திக்கு ஓயாத வயித்துவலி. செவ்வாக்கெழம ஆனா மூணு மணிக்கு அரை மணி நேரம் பர்மிஷன் கேக்கும். பக்கத்து சந்து மாடியில அக்குபங்சர் பண்ற ஷாஹுல் பாய்கிட்ட போவணுமாம்.

நாலாவது செவ்வா கேட்டப்போ, நல்லசிவம் வயித்தைப் புடிச்சிக்கினு, இடுப்பை ஒடிச்சு, எல்லார் எதிர்லயும் நடிச்சே காட்டினாரு.

"சார்ர்ர்... வயிறு சார்ர்ர்..."

கடையே சிரிச்சுது. கீர்த்தி சிரிக்கல.

"எல்லாம் டிராமா. நானே போய்ப் பாக்கேன். பொய்னு தெரிஞ்சுது, நாளைலேருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

போனாரு. "பாய், வயித்துவலி"ன்னு கூசாம புளுகினாரு.

"சாப்டீங்களா? வெறும் வயித்துல ஊசி போடமாட்டேன்."

"ஒரு மணிக்கே ஃபுல் மீல்ஸ்!"

பாய் படுக்கவெச்சாரு. "தொப்புளுக்குப் பக்கத்துல உங்க மூணு விரலை வைங்க."

"ஏன், உம்ம விரலுக்கு என்ன?"

"ஒவ்வொரு உடம்பும் ஒரு அளவு சார். அவங்கவங்க விரல்தான் அவங்களுக்கு ஸ்கேல்."

மூணு விரல் தள்ளி அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. ஊசி ஏறியாச்சு. பாய் பொண்ணு தபஸ்ஸும் டிரேயோட ஓரமா நின்னுக்கினு இருந்துச்சு.

"எங்க கடை கீர்த்திக்கும் இதே எடத்துலதானா?"

"அதுக்கு இன்னும் ஒரு ஊசிகூட போடல சார். எப்ப வந்தாலும் வெறும் வயிறு. கடையில சாப்பாட்டுக்கு விடவே நாலரை ஆவுதாமே? தபஸ்ஸும்தான் ரெண்டு இட்லி குடுக்கும். அத்தத் தின்னு கண்ணை மூடுறதுக்குள்ள டைம் ஆயிடும். ஓடிடும்."

நல்லசிவம் எகிறி உக்காரப் பாத்தாரு. வயித்துல ஊசி ஆடுது. படுத்தமேனிக்கே கத்தினாரு.

"பாத்தீரா! வைத்தியம்னு சொல்லிட்டு இட்லி திங்கா! நானும் அதே கடையிலதான் காலைலேருந்து நிக்கேன். எனக்கு வலிக்கா? ஒரு வலி கெடையாது!"

"அப்ப எதுக்கு சார் படுத்துக்கினு இருக்கீங்க?"ன்னாரு பாய்.

நல்லசிவம் சீலிங்கைப் பாத்தாரு.

தபஸ்ஸும் கிட்ட வந்து, பதமா ஊசியை உருவிக்கினே சொல்லுச்சு:

"இது ஒரு மணிக்கு சாப்ட்ட வயிறு சார். அவங்க வயித்தை உங்க விரலால அளக்காதீங்க."