பேட்டரி இல்லாத பெடல்

அறிவரசன் எழுந்தான், பல் தேய்த்தான், டீ போட்டு மாமியார் மருதாயிக்கு ஒரு டம்ளர் கொடுத்தான். பிறகு பெரம்பலூர் வீட்டின் முன்னறையில் வேலைக்கு உட்கார்ந்தான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துப்போன, கிடார் ஒலியை மாற்றும் பெடல். காலால் மிதித்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அறைந்தது. தேங்கும் மின்சாரம் வடிய ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, மிதித்துப் பார்த்தான்.

ஸ்பீக்கரில் லாரி மோதியது. தகரம் கிழிந்தது, எலும்பு நொறுங்கியது. மார்ச் மாதம் அரியலூர் ரோட்டில் அவன் மனைவி ஜோதி செத்தபோது போனில் கேட்ட அதே சத்தம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு மிதித்தான். மறுபடி மோதியது. இந்த முறை மோதலுக்கு முன்னால் ஹாரனும் கேட்டது. அடுத்த மிதிக்கு, ஹாரனுக்கும் முன்னால் ஜோதி மூச்சு வாங்கினாள்.

மருதாயி ஓடிவந்தாள்.

"எம்மவதானே மாப்ள? கடைசியா 'அம்மா'ன்னு கூப்புட்டான்னு சொன்னீங்கள்ல. அதை ஒருதரம் வையுங்க."

சுடுகாட்டில் அவளைத் தேற்ற அவன் சொன்ன பொய் அது.

சுத்தியலை எடுத்தான். பெடல் தட்டையாகும் வரை அடித்தான். இரண்டு அடி விரலில் விழுந்து நகம் பிய்ந்தது. ரத்தம் சிதறிய மேசை மேல் ஸ்பீக்கர் ஜோதியின் குரலில் தெளிவாகப் பேசியது.

"போன்ல கத்தாதீங்க. ஒத்தக் கையால வண்டி ஓட்டுறேன்."