அக்னி மூலை

செங்கமலம் சமையலறையில் வழுக்கி விழுந்ததும் இளம்பரிதி சுவரிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினான்; அவசர அழைப்பெல்லாம் இப்போது பேசும் வீடுகள் வழியாகத்தான். "ஆம்புலன்ஸ் கூப்பிடு, என் மனைவி கிச்சன்ல விழுந்துட்டா."

"அங்கே சமையலறை இல்லை," என்றது வீடு. "அனுமதி வரைபடத்தில் அது காலி இடம். காலி இடத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது."

வீட்டை விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. 'கிச்சன் அக்னி மூலையிலேயே இருக்கு தம்பி, வாஸ்து பக்கா' என்றுதான் சொன்னார். அதற்காகவே இருவரும் இந்த வீட்டை வாங்கினார்கள். அந்த மூலைக்காக, சட்டப்படி காலியாக விட வேண்டிய இடத்தில் அவர் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

இளம்பரிதி அவள் கைகளைப் பிடித்து ஹாலுக்கு இழுத்தான். "வேணாங்க, முதுகு உயிர் போகுது," என்று அவள் அலறினாள். நிலைப்படியைத் தாண்டியதும், "ஹாலில் ஒருவர் விழுந்திருக்கிறார், ஆம்புலன்ஸ் வருகிறது," என்றது வீடு.

"விழுந்தவங்களை ஏன் சார் இழுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "அசைக்காம விட்டிருந்தா நடந்திருப்பாங்க."

இப்போது அவள் கட்டில் ஹாலில்தான். நேற்று வீட்டை விலைக்குப் பார்க்க வந்த புதுமணத் தம்பதி, கிச்சன் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

இளம்பரிதி கட்டில் பக்கம் திரும்பாமல் சொன்னான். "அக்னி மூலையிலதான். வாஸ்து பக்கா."